சட்டைக் கைக்குள் காற்று

மத்தியானம் ஒரு சீனச் சரித்திரத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒருவர் லஞ்ச வெள்ளியை அங்கியின் தொளதொள கைக்குள் நழுவவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்து போகிறார். அந்தக் கால உடுப்பில் கைதானே பை!

உடனே யூ சியேன் ஞாபகம்தான் வந்தது.

மிங் வம்சம், 15ஆம் நூற்றாண்டு. பெய்ஜிங் போகிற அதிகாரிகள் பேரரசரை ஆட்டிவைத்த வாங் ஜென்னுக்கு ஏதாவது கொண்டுபோயே ஆகவேண்டும். ஹெனான், ஷான்ஸி பகுதிகளை நிர்வகித்த யூ சியேனிடம், பட்டுக் கைக்குட்டை, காளான், ஊதுபத்தியாவது எடுத்துப் போங்களேன் என்றார்களாம். அங்கியின் கைகளை உதறிக் காட்டி, காற்று இருக்கிறதே என்றாராம்.

கவிதையாகவும் எழுதினார். ஜனங்களுக்குப் பயன்படவேண்டிய பொருள்களே அவர்களுக்கு வினையாகிவிட்டன, நான் அங்கியின் இரண்டு கைகளிலும் தூய காற்றோடு போகிறேன், ஊர் வாய்க்காவது தப்பலாம் என்று.

'லியாங் ஷியூ சிங் ஃபெங்', அதாவது அங்கியின் இரு கைகளிலும் தூய காற்று. கறைபடாத அதிகாரியைச் சீனர்கள் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்கென்னவோ அந்தக் காளான்தான் உறுத்துகிறது. காட்டில் பொறுக்கியவன் வயிற்றுக்குப் போகவேண்டியது, பாருங்கள்.

1449இல் மங்கோலியரிடமிருந்து பெய்ஜிங்கைக் காப்பாற்றியவரும் இவரே. 1457இல் துரோகி என்று கொன்றார்கள். வீட்டைச் சோதித்தால் சொத்தே இல்லை, நடு அறை மட்டும் பலமான பூட்டு. உடைத்துப் பார்த்தால் பேரரசர் பரிசளித்த அங்கியும் வாளும்!

வாங் ஜென் வீட்டில்? பொன்னும் வெள்ளியுமாக 60க்கும் மேற்பட்ட கிடங்குகள்.