கடைசி வரிசைக்கு வார்த்தை போய்ச் சேர வேண்டும்

"மொத்தம் எத்தனை வாட்ஸ் போடுவீங்க?" நிகழ்ச்சிக்கு சவுண்ட் வேண்டும் என்று என்னைப் புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் பதிலுக்குக் கேட்பது வேறு: ஹால் எவ்வளவு நீளம், கூரை எவ்வளவு உயரம், மேடையில் யார் பேசுகிறார்கள், உட்கார்ந்தா நின்றா நடந்துகொண்டா. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல், காதுக்கு அது "கொஞ்சம் ஏத்தியிருக்காங்க போல" என்கிற அளவு. பணம் மட்டும் இரண்டு மடங்கு.

கார்ப்பரேட் நிகழ்ச்சிக்கு சவுண்ட் செய்வது கச்சேரிக்குச் செய்வதைவிட எளிது என்று இந்தத் தொழிலுக்குள் இருப்பவர்களே நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. பேண்டில் ஒரு வரி மங்கினாலும் பாட்டு தாங்கிவிடும், கேட்பவர்களுக்கு வரிகள் ஏற்கெனவே மனப்பாடம். ஒரு நிர்வாக இயக்குநர் ஆண்டுக் கூட்டத்தில் "தர்ட்டீன்" என்று சொன்னது பின்வரிசையில் "தர்ட்டி" என்று கேட்டால் அதைச் சரி செய்ய யாராலும் முடியாது. பேச்சின் கனம் உயிரொலிகளில், கீழ் அலைவரிசைகளில் இருக்கிறது. பொருள் இருப்பது மெய்யொலிகளில், கிட்டத்தட்ட 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள். சத்தத்தை ஏற்றினால் கனம் ஏறும், எதிரொலியும் கூடவே ஏறும், மெய்யொலிகள் அதற்குள் புதைந்துபோகும். "சத்தம் காதைப் பிளக்குது, ஒண்ணும் புரியலை" என்று மக்கள் சொல்வது இதைத்தான்.

இடத்தைப் பார்க்காமல் நான் எதுவும் ஒப்புக்கொள்வதில்லை. ரெக்கி போனதும் முதல் வேலை ஹாலின் நடுவில் நின்று ஒரு கைதட்டல். ஓட்டல் பால்ரூமில் கார்பெட், திரைச்சீலை, தாழ்ந்த கூரை, ஒலி சட்டென்று அடங்கிவிடும். நந்தம்பாக்கம் வர்த்தக மையம் மாதிரி கண்காட்சிக் கூடங்களில் கதையே வேறு. உயரமான கூரை, கெட்டித் தரை, காலியாக இருக்கும்போது கைதட்டல் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும், ஒரு வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் தலையில் ஏறும். கூட்டம் வந்து உட்கார்ந்தால் மேல் அலைவரிசைகளைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி டிசைன் செய்ய முடியாது, ஏனென்றால் முக்கியமான பேச்சு பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும்போதேகூடத் தொடங்கிவிடும். அந்த மாதிரிக் கூடத்தில் ஸ்பீக்கரை ஆட்களின் தலையை நோக்கித் திருப்புவதும், சுவரையும் கூரையையும் தொடாமல் பார்த்துக்கொள்வதும்தான் பாதி வேலை. இதை மிக்ஸரில் எந்தக் குமிழைத் திருகியும் செய்ய முடியாது.

தூரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாதாரண ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. முதல் வரிசை 4 மீட்டரில், கடைசி வரிசை 32 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4, 8, 16, 32: தூரம் மூன்று முறை இரட்டிக்கிறது, 18 டெசிபல் இழப்பு. பின்னால் இருப்பவருக்கு வசதியான 75 டெசிபல் வேண்டுமென்றால் முன்வரிசைக்கு 93. அந்த முன்வரிசையில்தான் கம்பெனியின் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள், காதைத் தேய்த்துக்கொண்டு திரும்பி எங்கள் கன்சோலை (மிக்ஸர் மேசையை) பார்ப்பார்கள், உடனே ஒருவர் ஓடிவந்து "சார், குறைங்க" என்பார். குறைத்தால் பின்வரிசை போன் பார்க்க ஆரம்பிக்கும்.

இதிலிருந்து தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, பெட்டிகளை உயரத்தில் தொங்கவிடுவது. உயர்த்தினால் முன்வரிசைக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் கூடிவிடும், முன் பின் வித்தியாசம் சுருங்கும். லைன் அரே இதையே இன்னும் நுட்பமாகச் செய்கிறது: ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள், மேலிருக்கும் பெட்டிகள் நேராகத் தூரத்தை நோக்கியும் கீழே வரவர வளைந்து அருகில் இருப்பவர்களை நோக்கியும். பிரான்ஸில் கிறிஸ்டியன் ஹெய்ல் வடிவமைத்த எல்-அகூஸ்டிக்ஸ் வி-டாஸ்க் 1990களின் தொடக்கத்தில் வந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் வளைந்த ஸ்பீக்கர் தூண்கள் உலகமெங்கும் பரவின. ஆனால் அதற்கு நீளம் வேண்டும், உயரம் வேண்டும். நாலரை மீட்டர் கூரை உள்ள பால்ரூமில் நாலு பெட்டியைத் தொங்கவிட்டு அதை லைன் அரே என்று சொல்லி வாடகை வாங்குவது எனக்குப் பிடிக்காத வேலை. கொட்டேஷனில் அந்தப் பெயர் இல்லையென்றால் வாடிக்கையாளருக்குத் திருப்தி இல்லை என்பது தெரியும், இருந்தாலும் அங்கே சின்னப் பெட்டிகளை நாலைந்து இடத்தில் பரப்பி வைப்பதுதான் சரி.

அதுதான் இரண்டாவது வழி: டிலே ஸ்பீக்கர்கள். பாதி தூரத்தில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைத்து, மேடையிலிருந்து வரும் ஒலி அங்கே வந்து சேரும் வரை அதைக் காத்திருக்க வைக்க வேண்டும். 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது, 35 மீட்டருக்கு 100 மில்லிசெகண்ட். அதற்கு மேல் இன்னொரு 10, 15 மில்லிசெகண்ட் சேர்த்து வைப்போம். காது முதலில் வந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அங்கிருந்தே எல்லாம் வருகிறது என்று நம்பிவிடும், பின்னால் வருவது கொஞ்சம் உரக்க இருந்தாலும்கூட. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் 1949-ல் காட்டியது இது. இன்றும் ஒவ்வொரு டிலே ஸ்பீக்கரையும் அதை வைத்தே செட் செய்கிறோம். சரியாக அமைந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது, மேடையில் இருப்பவர் நேராகத் தன்னிடம் பேசுகிற மாதிரி இருக்கும்.

திறந்தவெளியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் மாதிரி இடத்தில் மாலை நாலு மணிக்கு 36 டிகிரியில் அளந்து வைத்த டிலே, இரவு 28 டிகிரிக்கு இறங்கியதும் பொருந்தாது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், 70 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் தாமதம். கேட்பதற்குச் சின்ன எண்தான், ஆனால் டிலே ஸ்பீக்கர் மாட்டிய டவர் மேடையை முந்தப் பார்க்கும், குரலின் கூர்மை மழுங்கும். அதனால் சாயங்காலம் ஒருமுறை, நிகழ்ச்சி தொடங்கிய பிறகு ஒருமுறை நடந்துபோய்க் கேட்டுத் திருத்துவேன். கன்சோல் பின்னால் நின்றுகொண்டே எல்லாம் தெரியும் என்று நினைக்கிற இன்ஜினியர்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நிறைய நிகழ்ச்சிகள் கெட்டுப்போகின்றன.

காலர் மைக் எல்லோருக்கும் பிடிக்கும், போட்டோவில் தெரியாது. ஆனால் அது வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கன்னத்தோடு ஒட்டி வரும் ஹெட்செட் மைக் இரண்டரை சென்டிமீட்டரில். மறுபடியும் மூன்று முறை இரட்டிப்பு, அதே 18 டெசிபல். அவ்வளவு குறைவாக கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வைத்தால் போதும் என்றால், ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்குக்குள் நுழைந்து ஃபீட்பேக்காக ஊளையிடுவதற்கு முன்னால் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பேசுபவர் மேடையை விட்டு இறங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் நடக்கப் போகிறார் என்றால் நான் ஹெட்செட்டுக்குத்தான் பிடிவாதம் பிடிப்பேன்.

பட்டுப்புடவை கட்டி வரும் பேச்சாளர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மைக்கை முந்தானை மடிப்பில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் பட்டு சரசரக்கும், நெக்லஸ் வந்து தட்டும், மைக் ஒலியை வயரில்லாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பேக்கை மாட்ட பெல்ட் இருக்காது, இடுப்பில் செருகினால் அதன் கனத்துக்குக் கொசுவமே இறங்கப் பார்க்கும். கோட்டும் பெல்ட்டும் போட்டவர்களை மனதில் வைத்துச் செய்த சாமான் அது. எங்கள் டீமில் மைக் மாட்டுவதற்கென்றே ஒரு பெண் இருக்கிறார். கையோடு மெல்லிய எலாஸ்டிக் பெல்ட், மெடிக்கல் டேப், பாதுகாப்பு ஊக்கு வைத்திருப்பார். பேச்சாளர் மேடையேறப் பத்து நிமிடம் முன்னால் தனி அறையில் நிதானமாக மாட்டி, உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லி, கேபிளில் ஒரு சின்ன வளையம் விட்டு ஒட்டிவிட்டுத்தான் அனுப்புவார். அதன் பிறகு அந்தக் குரல் எங்கள் கன்சோலுக்கு வரும் விதமே தனி.

கை மைக்கில் பலர் தலைப்பகுதியைப் பொத்திப் பிடிப்பார்கள். வலைக்குப் பின்புறம் காற்று போய்வரும் வழி அடைபட்டால், முன்னால் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டிய மைக் எல்லாப் பக்கத்தையும் எடுக்கத் தொடங்கும், உடனே கூவும். எம்சியிடம் (தொகுப்பாளரிடம்) நிகழ்ச்சிக்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டால் போதும்.

பேனல் டிஸ்கஷன் என்றால் ஆறு பேர், ஆறு மைக். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஃபீட்பேக்குக்கு முன்னால் இருக்கும் இடத்தில் 3 டெசிபல் போய்விடும், ஏசி இரைச்சலும் ஆறு மடங்கு உள்ளே வரும். இதற்கு அமெரிக்காவின் டான் டுகன் 1970களில் ஒரு வழி கண்டுபிடித்தார். யார் பேசுகிறாரோ அவர் மைக்குக்கு கெயினைக் கொடுத்து மற்றவற்றைத் தானாக இறக்கி, எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மைக் திறந்திருந்தால் எவ்வளவோ அந்த அளவிலேயே வைத்திருக்கும் ஆட்டோமிக்ஸர். இப்போது பல டிஜிட்டல் கன்சோல்களில் அது உள்ளேயே வருகிறது. இருந்தும் ஃபேடரை (ஒவ்வொரு மைக்கின் அளவையும் ஏற்றி இறக்கும் குமிழை) கையால் துரத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன், முதல் இரண்டு வார்த்தைகளை முழுங்கிவிட்டுத்தான் மைக் திறக்கும்.

வயர்லெஸ் அலைவரிசை பற்றி ஒன்று மட்டும். இரண்டு டிரான்ஸ்மிட்டர் அருகருகே இருந்தால் அவை கலந்து புதிய அலைவரிசைகளை உண்டாக்கும். 600 மெகாஹெர்ட்ஸில் ஒன்று, 601-ல் ஒன்று என்றால் 599-லும் 602-லும் பேய் மாதிரி இரண்டு தோன்றும். மூன்றாவது மைக்கை அழகாக 602-ல் வைத்தீர்கள் என்றால் தீர்ந்தது. சம இடைவெளியில் அடுக்குவதுதான் மிக மோசமான அடுக்கு. பக்கத்து ஹாலில் கல்யாண ரிசப்ஷன் நடந்தால் அவர்கள் மைக்குகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், நேரில் போய்ப் பேசி அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மின்சாரம். மேடையிலிருக்கும் லேப்டாப்பை இணைத்ததும் "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல் வரும், சார்ஜரை உருவினால் நிற்கும். லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று வைத்தால் பெரும்பாலும் தீரும். ஆனால் இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். மைக்கைப் பிடித்திருப்பவரின் உதடு உலோக வலையில் பட்டுக்கொண்டிருக்கிறது. எங்காவது பழுது வந்தால் மின்சாரம் போக அவர் உடம்பைத் தவிர வேறு வழி இருக்காது. ஜென்செட் (ஜெனரேட்டர்) வந்து இறங்கியதும் எர்த்திங்கை அளந்து பார்க்காமல் நான் கன்சோலை ஆன் செய்ய விடமாட்டேன், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

டின்னருக்குப் பிறகு பேண்ட் வரும், அப்போது பேஸ் வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் கீழ் அலைவரிசை சுவரை மதிக்காது, மைதானத்துக்கு வெளியே குடியிருப்பு இருந்தால் அங்கே முதலில் கேட்பது அதுதான். சப்களை, அதாவது பேஸுக்கான பெட்டிகளை, கார்டியாய்டாக (ஒலி முன்பக்கமே போகும்படி) அடுக்கினால் பின்பக்கம் நிறையக் குறையும். 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதில் கால்பங்கு, அதாவது சுமார் ஒன்றரை மீட்டர் பின்னால் இன்னொரு சப், அதைத் தலைகீழ் துருவத்தில் (முன்னது காற்றைத் தள்ளும் சிக்னலுக்கு இது இழுக்கும்படி) வைத்து 4 மில்லிசெகண்ட் சொச்சம் தாமதப்படுத்தினால், முன்னால் இரண்டும் சேரும், பின்னால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேடையில் பாடகருக்கும் நிம்மதி. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கு 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நான் மீட்டரை கன்சோல் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பேன். "இன்னும் ஏத்துங்க" என்று வருபவரிடம் வாதம் செய்வதைவிட எண்ணைக் காட்டுவது சுலபம்.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை. முந்தைய நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் ஹால் கையில் வரும். ட்ரஸ் (விளக்குகளைத் தொங்கவிடும் உலோகச் சட்டம்) ஏறும், எல்இடி வால் (சுவர் அளவுத் திரை) ஏறும், பிராண்டிங் ஒட்டுவார்கள், லைட் புரோகிராம் நடக்கும், கார்பெட் மேல் வாக்குவம் கிளீனர் ஓடும். சவுண்ட் செக் என்று அட்டவணையில் போட்ட ஒரு மணி நேரம் விடியும்போது பத்து நிமிடமாகியிருக்கும். மேடையின் 3டி படம் ஒப்புதலாகி வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள், படத்தில் ஸ்பீக்கருக்கு இடமே இருக்காது. ஒரு பெரிய கம்பெனி நிகழ்ச்சியில் "லோகோ மறைகிறது" என்று மெயின் ஸ்பீக்கர்களை எல்இடி வாலுக்குப் பின்னால் தள்ளச் சொன்னார்கள். வாலுக்குப் பின்னால் வைத்தால் மேல் அலைவரிசை வெளியே வராது என்று அளந்து காட்டி, வரைபடத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்காக இரண்டு நாள் பேசி வாங்கினோம்.

ஆகவே நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான். மேடை வரைபடம் முடிவாகும் முன் சவுண்ட் ஆளை ஒருமுறை உட்கார வையுங்கள். பேசுபவர்கள் என்ன உடையில் வருகிறார்கள், நடப்பார்களா என்று முதல் நாளே சொல்லுங்கள். காலையில் அரை மணி நேரம், வாக்குவம் கிளீனரும் டிரில்லும் இல்லாத அரை மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள். அப்புறம் வீடியோக்களை வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், சுருங்கிப்போய் வரும். ஒரிஜினல் ஃபைலை லிங்க்காக அனுப்புங்கள், நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பென்டிரைவில் கொண்டுவராமல் முந்தின நாளே.