லைனில் கரகர சத்தம்

1994-இல் நீலகிரியில் ஒரு சின்ன ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தேன். ஜூலை மழையில் பாதி லைன் செத்துக் கிடக்கும். அப்படி ஒரு சாயங்காலம் மேலதிகாரி ஒருவர் மஃப்டியில் இருந்த ஆளோடு வந்தார். "இந்த நம்பருக்கு ஒரு பேரலல் போட்டுக் குடுப்பா. ஆர்டர் பின்னாடி வரும்."

பேரலல் என்றால் அதே லைனில் இன்னொரு இணைப்பு; பேசுவது அங்கேயும் கேட்கும். ஊர் லைன்கள் எல்லாம் வந்து சேரும் எம்.டி.எஃப்.பில் ஜம்பர் ஒயரை இரண்டு முறுக்கு முறுக்கினால் வேலை முடிந்தது. பக்கத்து அறையில் ஒரு நாற்காலி, ஒரு டேப் ரிக்கார்டர். நம்பர், பச்சைத் தேயிலை வாங்கி விற்கும் ஓர் இலை ஏஜென்டுடையது. அவர் மேல் என்ன சந்தேகம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆர்டர் கடைசிவரை வரவே இல்லை.

யூனியனில் இருந்த பெரியவர் ஒருவர் பிறகு டீக்கடையில் வைத்துச் சொன்னார்: 1885-ஆம் வருடத் தந்திச் சட்டம், 26-ஆம் பிரிவு. அரசு ஆணை இல்லாமல் ஊழியர் ஒட்டுக்கேட்டால் மூன்று வருடம் வரை உள்ளே. ஆணையில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே 1996 டிசம்பரில் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் தெளிவானது: உள்துறைச் செயலர்; இரண்டு மாதம்; நீட்டித்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. பேப்பரில் அதைப் படித்தபோது குடிமக்களின் அந்தரங்கம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு தாள் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேனே என்றுதான் தோன்றியது. சுயநலம்தான்.

2006-இல் மார்க் க்ளைன் பற்றிப் படித்தேன். அவரும் ஒயர் தொட்ட ஆள். சான் பிரான்சிஸ்கோவில் ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனிக் கட்டடத்தின் 641ஏ அறைக்கு, என்.எஸ்.ஏ. என்ற அமெரிக்க உளவு அமைப்புக்காக, ஃபைபர் வழியாக இணையப் போக்குவரத்தின் நகல் போவதை வெளியே சொன்னவர். வாடிக்கையாளர்கள் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒட்டுக்கேட்புச் சட்டத்தையே திருத்தியது. 2001 செப்டம்பர் 11 முதல் 2007 ஜனவரி 17 வரை அரசுக்கு உதவிய கம்பெனிகளிடம், அதிபரின் அனுமதி உண்டு என்று சொல்லி அரசு எழுத்தில் கேட்டிருந்ததாக அட்டர்னி ஜெனரல் சான்று கொடுத்தால் போதும், வழக்கு தள்ளுபடி. 2009-இல் அப்படியே தள்ளுபடி ஆனது.

அரசாங்கமே கேட்கும்போது நாங்கள் எப்படி மறுப்பது என்பது கம்பெனிகளின் வாதம். எனக்குப் புரிகிறது, நானும் அதையே சொல்லிக்கொண்டவன்தான். ஆனால் எனக்கு இருந்தது டிரான்ஸ்ஃபர் பயம், அவர்களுக்கு இருந்தது வக்கீல் பட்டாளம். குவெஸ்ட் என்ற கம்பெனி சட்டப்படியான ஆணை இல்லை என்று மறுத்ததாக அதன் முன்னாள் தலைவரின் வக்கீல் சொன்னார். பின்னால் மன்னிப்பு கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை எந்தக் கம்பெனி "தாள் எங்கே?" என்று கேட்கும்?

பேரலல் போட்ட இரண்டாவது வாரம் அந்த இலை ஏஜென்டே கம்ப்ளைன்ட் புக் பண்ணினார், லைனில் கரகர சத்தம் என்று. என் முறுக்கு சரியில்லை, அதில் ஈரம் வேறு. வீட்டுக்குப் போனேன். டீயும் வர்க்கியும் கொடுத்தார். "கோயமுத்தூர் ஹாஸ்டல்ல இருந்து ஞாயித்துக்கிழமை பொண்ணு பேசும் தம்பி. ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது."

ரிசீவர் மூடியைக் கழற்றி, ஊதி, மறுபடி திருகினேன். "இப்பப் பேசிப் பாருங்கண்ணா" என்றேன்.