செம்மண்ணில் ஸ்வே பார்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகைக்கு முன்னே கொஞ்சம் சமதளம் உண்டு. என் 1/8 ரிமோட் பக்கி, அதாவது அசலில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, மண்ணில் ஓடும் ரிமோட் கார், ஞாயிறு மதியம் அங்கேதான் ஓடும். மாசியில் மண் காய்ந்து கெட்டியாகி டயரை அப்படியே பிடிக்கும். வேகமாகத் திருப்பினால் வண்டி வெளிப்பக்கம் சாய்ந்து உருண்டுவிடும். ஸ்வே பார் மாட்டிய அன்றே அது நின்றது.

சக்கரங்களைத் தாங்கி மேலும் கீழும் அசையும் இடது வலது சஸ்பென்ஷன் கைகளை இணைக்கும் வளைந்த கம்பி, அவ்வளவுதான். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் சும்மா இருக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கிக்கொண்டு மற்றதையும் மேலே இழுக்கும். திருப்பத்தில் அது வரம். ஆனால் சில்வர் ஓக் வேர்கள் துருத்தி நிற்கும் எஸ்டேட் பாதையில், ஒரு சக்கரம் வேரில் ஏறியதும் மறுபக்கச் சக்கரத்தின் பிடி போய்விடுகிறது. சேற்றிலும் இதே கதைதான். ஜூன் வந்தால் முன்கம்பி, பின்கம்பி இரண்டையும் கழற்றிவிடுவேன்.

பின்கம்பி தடித்தால் வால் சீக்கிரம் சுற்றும். முன்கம்பி தடித்தால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். 2.3 மில்லிமீட்டரிலிருந்து 2.5-க்குப் போனாலே கையில் தெரியும்.

போன வருஷம் ஒரே திருப்பத்தில் வண்டி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் போனது. ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெயை மாற்றியும் பயனில்லை. அப்புறம் ஸ்வே பாரைக் கைகளோடு சேர்க்கும் இணைப்புகளைக் கழற்றி, கம்பியை விரலால் தூக்கி விட்டேன். தானாக விழ வேண்டியது அந்தரத்திலேயே நின்றது. கம்பியைத் தாங்கும் பிடிமானத்துக்குள் செம்மண் காய்ந்து இறுகியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அந்தக் கம்பியைத் தூக்கி விட்டுப் பார்க்கிறேன்.