பாடத்திட்டம் இருக்கட்டும், டீச்சருக்கு என்ன தருகிறீர்கள்?

காட்பாடிப் பக்கம் என் மகள் படிக்கும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாலியல் நலக் கல்வி கொண்டுவரலாம் என்று முடிவாகி, எந்தப் பாடத்திட்டம் என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். பெற்றோர் தரப்பில் நானும் ஒருத்தி. மேஜைக்கு வந்தவை மூன்று. ஒன்று ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்துக்காக 2020க்குப் பிறகு வந்த அரசுப் பாடம். இன்னொன்று ஒரு தனியார் நிறுவனம் விற்கும் பளபளப்பான பணிப்புத்தகம், தலைக்கு இவ்வளவு என்று காசு. மூன்றாவது வெளிநாட்டுப் பாடத்தைத் தமிழில் பெயர்த்தது.

புத்தகமே இல்லாமலா இத்தனை வருஷம் ஓட்டினோம்? எட்டாவது அறிவியலில் வளரிளம் பருவமடைதல் பாடம் இருக்கிறது, பத்தாவதில் இனப்பெருக்கம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? பூவின் சூலகமும் மகரந்தமும் போர்டில் கலர் சாக்பீஸில் வரும். மனிதர் பக்கம் வந்ததும் "இதை வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுவார்கள். எங்கள் குழுவில் இருந்த பயாலஜி டீச்சர் இதை வெளிப்படையாகவே சொன்னார்: "பாடம் எனக்குத் தெரியும் மேடம், பையன் சிரிச்சா என்ன பண்றதுன்னுதான் தெரியல." அதற்கப்புறம் மூன்றையும் நான் புரட்டியது அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான்.

தனியார் புத்தகத்தில் நாப்கின், வயிற்றுவலி, சுத்தம் என்று பெண் பிள்ளைகளுக்கு நிறைய இருந்தது, நன்றாகவும் இருந்தது. பையன்களுக்கு ஒழுக்கத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி. சரி, மிச்சத்தை அவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்தான், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார் என்று. கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், தூக்கத்தில் விந்து வந்தால் உடம்பு போய்விடும் என்று பயம் காட்டித்தான் லேகியம் விற்கிறார்கள். இரண்டும் இயல்பானவை, இரண்டுக்கும் மருந்து தேவையில்லை. இந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதாத புத்தகம் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றேன்.

குழுவில் ஒரு அப்பா, "ஒன்பதாவதுல ஆரம்பிச்சா போதாதா, இப்பவே சொன்னா கெட்டுப்போயிட மாட்டாங்களா" என்றார். 2007இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் நிறுத்தியபோதும் பேச்சு இதுதான். யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, இப்படிக் கற்றுத்தருவதால் பிள்ளைகள் சீக்கிரமாக உறவில் இறங்குவதில்லை என்று ஆய்வுகளை வைத்தே சொல்கிறது. பத்து, பதினோரு வயதிலேயே வயதுக்கு வருகிற பெண்கள் இருக்கும்போது ஒன்பதாவதில் மாதவிலக்குப் பாடம் நடத்துவது, கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை அடிக்கிற மாதிரி.

வெளிநாட்டுப் பாடம் படிக்க அருமையாக இருந்தது, ஆனால் அதன் ஆசிரியர் கையேட்டில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது: மாணவர் எதைச் சொன்னாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். இங்கே எந்த டீச்சரும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012இன் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே 'சம்மதித்துத்தான் பழகினோம்' என்பதும் அந்தச் சட்டத்தில் எடுபடாது, பதினொன்றாவது படிக்கும் பையன்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும். நம் சட்டம் தெரியாத பாடத்தை வைத்துக்கொண்டு டீச்சரை வகுப்புக்குள் அனுப்பினால் மாட்டுவது டீச்சர்தான்.

இன்னொன்று எச்ஐவி. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைப் பரிசோதித்தது நம் வேலூர் சிஎம்சியில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு இன்னும் மண்டை ஓடு படம் போட்டு எய்ட்ஸ் பாடம் நடத்தக் கூடாது. தனியார் புத்தகத்தில் அந்தப் படம் இருந்தது! எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவு மூலம் பரவாது, தொற்றுள்ள தாய்க்கும் சிகிச்சை இருந்தால் தொற்றில்லாத குழந்தை பிறக்க முடியும் என்பதெல்லாம் எங்கே? தொற்றோடு பிறந்த ஒரு பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்து அந்த மண்டை ஓட்டைப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையா?

கடைசியில் அரசுப் பாடத்துக்கே கை தூக்கினேன். அழகான புத்தகம் என்று சொல்ல மாட்டேன், சில பக்கங்கள் சர்க்குலர் மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஆண் ஒருவர் பெண் ஒருவர், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் வகுப்பு என்கிறது அந்தத் திட்டம். பயாலஜி டீச்சர் ஒத்துக்கொண்டார், ஆண் ஆசிரியராக பி.டி. சார் தானாக முன்வந்தார் (பசங்க அவர்கிட்டதான் வாயைத் திறப்பாங்க). நாங்கள் சேர்த்த நிபந்தனை, பயிற்சியில் பையன் சிரிப்பது, யாரோ கிண்டலாகக் கேள்வி கேட்பது எல்லாவற்றையும் நடித்துப் பார்க்க வேண்டும், உறுப்புகளின் பெயரை மற்ற ஆசிரியர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

பேர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வைக்கலாம் என்பதிலும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சாவி யாரிடம் என்பதில்தான் இழுபறி, ஹெச்எம் தன்னிடம் இருக்கட்டும் என்கிறார். ஹெச்எம் படித்து வடிகட்டுவார் என்று தெரிந்தால் ஒரு பிள்ளையும் எழுதாது, அந்த இரண்டு ஆசிரியர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலும் சொல்லத்தான் போகிறேன்.