பன்னிரண்டரையைப் பதிமூன்றாக்க மூன்று வாரம்

பெங்களூர் பீன்யாவில், ஜாலஹள்ளி மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லேத் பட்டறை. முதலாளி வேலூர்க்காரர். பத்து வருடக் கணக்கும் ஒரே எக்ஸல் ஷீட்டில் இருக்கிறது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அடித்தால், அதன் வர்க்கத்தை 162 ஆல் வகுத்து, மீட்டருக்கு எத்தனை கிலோ என்று காட்டும். 25 மில்லிமீட்டர் கம்பிக்கு 3.858. அதிலிருந்து இரும்பு விலை, மெஷின் கூலி, வெளியே கொடுக்கும் வேலை எல்லாம் சேர்ந்து கடைசிக் கட்டத்தில் ஒரு பீஸின் விலை வந்து நிற்கும். யாராவது தெரியாமல் ஒரு ஃபார்முலாவின் மேல் எண்ணை அடித்துவிட்டால் அன்றைய கொட்டேஷன் எல்லாம் தப்பு. அதனால்தான் ஸ்டாக், கொட்டேஷன் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மென்பொருள் வேண்டும் என்று எங்களிடம் வந்தார்.

நானும் என் நண்பனும், ஆக மொத்தம் இரண்டே பேர்தான் எங்கள் கம்பெனி. சி ஷார்ப் நிரல்மொழியில் அழகாக ஒரு படிவம் செய்து கொண்டுபோய்க் காட்டினோம். ஒரு நிமிடம் பார்த்தார். “தம்பி, கட்டம் எங்கே? கட்டம் இல்லாமல் எனக்குக் கணக்கு ஓடாது” என்றார். சரி, செயலிக்குள்ளேயே ஒரு எக்ஸல் ஷீட்டை உட்காரவைப்போம், அதற்கு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல், அதாவது லைப்ரரியா இல்லை என்று திரும்பி வந்தோம்.

முதல் வாரம் வீணாய்ப் போனதற்குக் காரணம், லைப்ரரி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்கள் கிடக்கின்றன என்பது எங்களுக்கு உறைக்காததுதான். குளோஸ்டுஎக்ஸ்எம்எல், என்பிஓஐ போன்றவை கோப்பைப் படிக்கும், எழுதும். திரையில் கட்டம் வரைந்து தராது. ஹைப்பர்ஃபார்முலா கணக்கு மட்டும் போடும். கட்டத்தை மட்டும் வரைந்துவிட்டுக் கணக்கை நம் தலையில் கட்டுகிறவை இன்னொரு வகை. மூன்றும் ஒன்றாக வேண்டுமென்றால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

எக்ஸலையே பின்னணியில் ஓட்டலாமே என்று நண்பன் சொன்னான். பட்டறையில் மூன்று கணினி, எக்ஸல் இருப்பது ஒன்றில்தான். அந்த யோசனை டீ ஆறுவதற்குள் முடிந்துபோனது. பிரவுசரில் ஓடும் கட்டங்களை, செயலிக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் மைக்ரோசாஃப்டின் வெப்வியூ2 வழியாக உள்ளே வைக்கலாம். ஆனால் ஸ்டோர் ரூம் கணினியில் இன்னும் விண்டோஸ் 7 தான். அதற்கு வெப்வியூ2 ஆதரவு 2023 ஜனவரியில் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. “நல்லா ஓடுற மெஷினை ஏன் தூக்கிப் போடணும்?” என்கிறார் முதலாளி. லேத் வைத்திருப்பவரிடம் அதற்கு மேல் என்ன வாதாடுவது.

உரிமத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. பழைய பதிவுகளில் இலவசம் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. கட்டம் வரையும் ஹேண்ட்ஸான்டேபிள் 2019இலும், கோப்பைப் படித்து எழுதும் ஈபிபிளஸ் 2020இலும் உரிமத்தை மாற்றிக்கொண்டன. வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் காசு. கட்டணம் வாங்கும் டெஸ்க்டாப் கட்டம் ஒன்றின் டிரையல் அருமையாகவே இருந்தது. ஆனால் ஆள் ஒன்றுக்கு வருடா வருடம் கட்டணம். இரண்டு பேருக்கு அவர்கள் சொன்ன விலை, முதலாளி எங்களுக்குத் தருவதாகச் சொன்ன தொகையைத் தாண்டியது.

கடைசியில், வியாபாரத்துக்கும் காசில்லாமல் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் ஒரு திறந்தமூலக் கட்ட லைப்ரரி கிடைத்தது. அவருடைய ஷீட்டைத் திறந்தோம். எல்லா எண்ணும் அச்சு அசலாக வந்தது. அன்று இரவு பிரியாணி சாப்பிட்டோம்.

மறுநாள் இரும்பு விலையை மாற்றினோம், குட்டு வெளிப்பட்டது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. உள்ளே ஃபார்முலா போட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த ஃபார்முலாவும் இருக்கும், எக்ஸல் கடைசியாகப் போட்ட விடையும் இருக்கும். முந்தின நாள் எங்கள் கட்டம் கணக்கே போடவில்லை. எக்ஸலின் பழைய விடையை ஒப்பித்திருக்கிறது.

முதலாளி இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஒரு பீஸுக்கு ஒரு ரூபாய் எங்கே போச்சு?” அவருடைய எக்ஸலில் 13, எங்களுடையதில் 12. நானூறு பீஸ் ஆர்டர், நானூறு ரூபாய் அடி. அடுத்த வரியில் இரண்டிலும் 14. அதற்கடுத்ததில் மறுபடி ஒரு ரூபாய் குறைவு. இரும்பு விலை, கூலி, எடை என்று இரண்டு நாள் தேடினோம், எல்லாமே சரியாக இருந்தது.

கோளாறு, விலையை முழு ரூபாயாக்கும் ரவுண்ட் ஃபார்முலாவில். சி ஷார்ப் நிரல் ஓடும் டாட்நெட் தளத்தில் மேத் ரவுண்ட் என்று சும்மா எழுதினால், சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 12.5 கீழே இறங்கி 12 ஆகும், 13.5 மேலே ஏறி 14 ஆகும். எக்ஸல் இரண்டையும் மேலேதான் ஏற்றும். லைப்ரரியை எழுதியவர் அந்தச் சும்மா ரவுண்டையே போட்டிருந்தார். மூலநிரல் கையில் இருந்ததால் ஒரே ஒரு வரியைத் திருத்தினோம். கட்டண டப்பாவில் இப்படி மாட்டியிருந்தால் மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதன்பிறகு, எங்கள் கட்டம் எக்ஸல் மாதிரியே விடை தருகிறதா என்று பார்க்க நாங்களே ஒரு பரீட்சைத் தாள் தயாரித்தோம். 2இன் வர்க்கத்துக்கு முன்னால் மைனஸ் குறி போட்டு, அடைப்புக்குறி இல்லாமல் =-2^2 என்று எழுதினால் எக்ஸல் 4 என்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் பலர் மைனஸ் 4 என்பார்கள். 1900இல் இல்லாத பிப்ரவரி 29ஐயும் எக்ஸல் ஒரு நாளாகக் கணக்கில் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 செய்த பிழையைத் தெரிந்தே தொடர்ந்தது. இதை மறந்தால் டெலிவரி தேதி ஒரு நாள் தள்ளிப்போகும். லட்சம், கோடிக்குக் கமா போட நம்மூரில் எல்லோரும் ஒட்டிக்கொள்ளும் வரி இது:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

எங்கள் கட்டத்துக்கு அந்தச் சதுர அடைப்புக்குறி புரியவே இல்லை. 12,34,567 வர வேண்டிய இடத்தில் 1,234,567 என்று நின்றது. அதை நண்பன் நான்கு நாள் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தான்.

இப்போது மூன்று கணினியிலும் ஓடுகிறது. ஃபார்முலா இருக்கும் கட்டங்களைப் பூட்டிவிட்டோம். பிரிண்ட் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை, பக்கம் உடைகிற இடம் ஒவ்வொரு முறையும் வேறாக விழுகிறது. அதனால் கொட்டேஷனைக் கோப்பாகச் சேமித்து, எக்ஸல் இருக்கும் அந்த ஒரு கணினியில் திறந்துதான் முதலாளி பிரிண்ட் எடுக்கிறார்.