ஆடிப்பட்டத்தில் ஒரு தைலமரம்

"ஏம்மா, போயும் போயும் தைலமரத்தையா நட்ட?" என்று அப்பா போனில் கேட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். எனக்குப் பதில் வரவில்லை. விரல்களில் அந்த வாசனை அப்போதும் இருந்தது.

மெல்போர்ன் வந்து நாலு வருஷம் ஆகிறது. ஊர் காவேரிப்பட்டணம் என்றால் இங்குள்ள தமிழர்களே "பூம்புகார் பக்கமா?" என்கிறார்கள். இல்லைங்க, கிருஷ்ணகிரி மாவட்டம், தென்பெண்ணைக் கரை, மாந்தோப்பு ஊர் என்று விளக்க வேண்டியிருக்கிறது. பேரில்தான் பட்டணம். நான் முதன்முதலில் கடலைப் பார்த்தது ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில்.

இங்கே கடல் ரயில் ஏறினால் வந்துவிடுகிறது. மார்ச் முதல் ஞாயிறு 'கிளீன் அப் ஆஸ்திரேலியா' நாள். இயன் கீர்னன் என்ற பாய்மரப் படகோட்டி 1989-ல் ஆட்களைத் திரட்டி சிட்னி துறைமுகத்தைச் சுத்தம் செய்தார். மறு வருஷமே அது நாடு முழுக்கப் பரவியது. நானும் பேர் கொடுத்துக் கையுறை மாட்டிக்கொண்டு போனேன். மணலில் குனிந்தால் சிகரெட் துண்டுகள், பாட்டில் மூடிகள், நகத்தளவு பிளாஸ்டிக் துணுக்குகள். ஊசி கிடந்தால் தொடக்கூடாது, பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். ஒதுங்கிய கடற்பாசியை அள்ளக்கூடாது, அது பூச்சிக்கும் பறவைக்கும் சாப்பாடு. தெருவில் போடும் குப்பை மழைநீர்க் கால்வாயில் விழுந்து, யாரா ஆற்றில் கலந்து இங்கே வந்து சேர்கிறது என்றார்கள். கேட்டதும் எங்கள் ஆற்றுப் படித்துறை கண்முன் வந்தது. துவைத்து முடித்ததும் சோப்புக் கவரை அப்படியே தண்ணீரில் விடுவோம். தென்பெண்ணை கடலூரில் கடலில் சேர்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நானும்.

சரி, தைலமரத்துக்கு வருகிறேன்.

ஜூலை கடைசி ஞாயிறு இங்கே மரம் நடும் நாள். நம் கணக்கில் ஆடி மாதம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பாட்டி சொல்வது இந்தக் குளிரிலும் பொருந்துகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓடைக்கரையில் எழுபது வயதிருக்கும் அம்மா ஒருவர் விரல் நீளச் செடி ஒன்றைக் கையில் கொடுத்து, "ரிவர் ரெட் கம்" என்றார். குழி வெட்டி, செடியை இறக்கி, மண் அணைத்து, சுற்றிலும் மூன்று மூங்கில் குச்சி ஊன்றி, முயல் கடிக்காமல் பச்சை பிளாஸ்டிக் உறை மாட்டினேன். கடைசியில் ஓர் இலை கசங்கியது. அதே தைல வாசனை. அந்த நிமிஷம் மெல்போர்னும் இல்லை, ஓடையும் இல்லை. எங்கள் கொல்லைமேடு.

பக்கத்து நிலத்துக்காரர் காகித ஆலைக்கு விற்கலாம் என்று தைலமரம் போட்டிருந்தார். அந்த வரப்பை ஒட்டி எங்கள் ராகி இரண்டு சால் எப்போதும் முழங்கால் உயரம்தான். மற்றது இடுப்பளவு நிற்கும்போது அது மட்டும் வெளுத்துச் சோர்ந்து கிடக்கும். அப்பா மண்வெட்டியால் வரப்போரம் பள்ளம் பறித்து, இந்தப் பக்கம் வந்த வேரையெல்லாம் அறுத்துப் போடுவார். அடுத்த வருஷம் மறுபடி வந்திருக்கும். அப்புறம் எங்கள் கிணறு வற்றியது. தைலமரம்தான் காரணம் என்று அப்பா இன்றுவரை நம்புகிறார். பக்கத்துக் கர்நாடகத்தில் 2017-ல் அதை நடவே தடை போட்டபோது எனக்குப் போன் செய்து சொன்னார்.

ஊரில் தோப்பு தோப்பாக நிற்கும் தைலமரங்களில் நான் நட்ட இந்த இனமும் உண்டு. ஆனால் இங்கே அது வேறு மரம். ஊரில் சில வருஷத்தில் வெட்டி லாரியில் ஏற்றிவிடுவதால் குச்சி குச்சியாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கே ஆற்றங்கரைகளில் நூற்றாண்டுகளாக நிற்கிறது; நாலு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அடிமரப் பொந்துகளில் கொண்டைக்கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே, இந்த மண்ணின் பூர்வகுடிகள் தேவைக்குப் பட்டை உரித்த பழைய மரங்கள் தழும்போடு அப்படியே இருக்கின்றன. பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தை விட்டிருக்கிறார்கள். அந்தத் தழும்பின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அப்பாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அங்க தண்ணி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

ஓடை ஓடுது என்றேன்.

செடி கொடுத்த அந்த அம்மா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். இங்குள்ள குவின்ஸ்லாந்து மாநிலத்தில் பெரும் பரப்பில் புல்வெளியை மூடிவிட்ட முள்மரம் ஒன்று உண்டாம், அழிக்க முடியாத களையாம், இந்தியாவிலிருந்து வந்ததாம். போனில் படம் காட்டினார். மஞ்சள் உருண்டைப் பூ, மணி மணியாகக் காய். நம் கருவேலமரம். தாத்தாவின் ஏர் அதில் செய்தது. அப்பா இன்றைக்கும் விடிந்ததும் அதன் குச்சியை ஒடித்துத்தான் பல் துலக்குகிறார். அதை மட்டும் அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.