ஒன்பது மாதமாகியும் கூடாத கால் எலும்பு: இரண்டாம் அறுவைச் சிகிச்சை வரை பட்ட அலைச்சல்

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்து ஒன்பது மாதங்கள் கடந்த பின்னும் ஊன்றுகோல் இல்லாமல் என்னால் வாசல் வரை போக முடியவில்லை. போகும்போதெல்லாம் "கூடி வருகிறது, பொறுத்திருங்கள்" என்றே சொல்லி அனுப்பினார்கள். வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் என் எக்ஸ்ரே படங்களைத் தேதி வரிசைப்படி ஒளிப்பெட்டியில் மாட்டினார். கடைசி மூன்று மாதப் படங்களில் முறிவின் கறுப்புக் கோடு துளியும் மாறாமல் நின்றது. ஒன்பது மாதமாகியும் சேராமல், அதிலும் கடைசி மூன்று மாதம் முன்னேற்றமே காட்டாத எலும்பு தானாகக் கூடும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்றார். பழைய ராடை எடுத்து, எலும்பின் உட்குழியைக் குடைந்து சற்று அகலமாக்கி, தடித்த ராடு போடுவதென்று முடிவாயிற்று.

அலைச்சல் அதன் பிறகுதான் தொடங்கியது. ராடைக் கழற்றும் கருவி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும் என்பதால், உள்ளே இருப்பது எந்த நிறுவனத்துடையது, என்ன அளவு என்று தெரியாமல் நாள் குறிக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என்னிடமிருந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ராடு பொருத்தப்பட்டது என்ற ஒற்றை வரிதான் இருந்தது. முதலில் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்குத் தம்பியை அனுப்பினேன். நோயாளியே நேரில் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுவாரம் காலைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். பொறுப்பாளர் விடுப்பு என்றார்கள். மூன்றாம் முறை, கோப்பு கிடங்கில் இருக்கிறது, எப்போது எடுப்போம் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு பயணங்கள் மிச்சமாகியிருக்கும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். நான் அப்படிச் செய்த மூன்றாம் நாளே கோப்பு வந்தது. அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் பின்பக்கத்தில், ஓரம் மஞ்சளித்த ஒரு சின்ன ஸ்டிக்கரில் நிறுவனப் பெயர், நீளம், விட்டம், தொகுதி எண் எல்லாம் இருந்தன. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

இன்னொரு தடங்கலும் வந்தது. எலும்பு கூடாததற்கு மறைந்திருக்கும் கிருமித் தொற்றும் காரணமாக இருக்கலாம் என்பதால், அறுவையின்போது திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிடக் கூடாது; சாப்பிட்டால் கிருமி இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. தொண்டை வலிக்குத் தெருமுனை கிளினிக்கில் தந்த மாத்திரையால் என் தேதி பதினைந்து நாள் தள்ளிப் போயிற்று.

இடையில் ஒருவர், வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் அல்ட்ராசவுண்ட் கருவியை வாடகைக்கு எடுத்தால் எலும்பு விரைவில் கூடும் என்று வற்புறுத்தினார். மருத்துவரிடம் கேட்டேன். இதே எலும்பு முறிந்து ராடு வைத்த 501 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், உண்மைக் கருவி வைத்தவர்களுக்கும், ஒப்பிடுவதற்காக அலை வராத போலிக் கருவி வைத்தவர்களுக்கும் எலும்பு கூடும் வேகத்தில் வேறுபாடு இல்லை என்றார். அந்த ஆய்வு புதிய முறிவுகளைப் பற்றியதுதான் என்றாலும், அந்தப் பணத்தை மிச்சப்படுத்தியதில் எனக்கு வருத்தமில்லை.

அறுவைச் சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது. சோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே புதிய ராடின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, கைபேசியில் படம் எடுத்து, தம்பிக்கும் அனுப்பி வைத்தேன். ஐந்தாம் மாத எக்ஸ்ரேயில், முறிவின் நான்கு பக்கங்களில் மூன்றில் வெண்ணிறமாக எலும்பு பாலம் போட்டிருப்பதை மருத்துவர் பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு ஊன்றுகோலைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.